போர் தண்ணீரா கொன்றது? கன்னங்குறிச்சி மீன்தொட்டி ஒன்றின் முதல் எட்டு நாட்கள்

சேலம் கன்னங்குறிச்சியில் ஒரு வீடு. ஆடி மாதம் மகளின் பிறந்தநாளுக்கு மீன்தொட்டி வாங்கினார்கள். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். நம் கடைகளில் அதிகம் போகும் அளவு. கணக்குப்படி சுமார் 56 லிட்டர். கூழாங்கல்லுக்கும் மேலே விடும் இடைவெளிக்கும் கழித்தால் உள்ளே நிற்பது 45 லிட்டர்தான். அதில் ஐந்து தங்கமீன்கள்: சிவப்புத் தொப்பி வைத்த ஒராண்டா இரண்டு, சாதா கோல்டு மூன்று. ஐந்தாம் நாள் ஒன்று செத்தது. எட்டாம் நாள் விடிந்தபோது மூன்று மிதந்தன. மிஞ்சியது ஒரு சாதா கோல்டு மட்டும். மகள் அதற்கு கேரட் என்று பெயர் வைத்திருந்தாள்.

வீட்டில் யாருக்கும் சந்தேகமே இல்லை. ஏழாம் நாள் சாயங்காலம் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், மறுநாள் காலையில் மீன்கள் செத்திருக்கின்றன. நான் போனதும் பாட்டி கேட்டது அதைத்தான்: "ஏந்தம்பி, போர் தண்ணி ஊத்துனதாலதானே செத்துச்சு?" ஆமாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் என் வீட்டிலும் தெரிந்தவர்கள் வீட்டிலும் தங்கமீன்கள் இதே மாதிரி உப்புப் பிடித்த போர் தண்ணீரில்தான் வருடக்கணக்கில் வளர்கின்றன. அந்தத் தண்ணீர் இங்கே மட்டும் ஏன் ஒரே ராத்திரியில் மூன்று மீன்களை முடித்தது என்பதற்குப் பதில் வேண்டியிருந்தது.

நடந்தது என்ன

முதல் நாள் தொட்டியை நிரப்பியது கேன் தண்ணீரால். மேட்டூர் தண்ணீர் அந்த வாரம் வரவில்லை. போர் தண்ணீரில் பக்கெட்டெல்லாம் வெள்ளை படிகிறதே, அதைப் போய் மீனுக்கு ஊற்றுவதா என்று 20 லிட்டர் கேன் மூன்று வாங்கியிருக்கிறார்கள். "நாங்க குடிக்கிற தண்ணியவே ஊத்தினோம்ணா" என்றார் அந்த அம்மா. அக்கறையில் குறையே சொல்ல முடியாது. அன்று சாயங்காலமே மீன்கள் உள்ளே போய்விட்டன.

உள்ளே வைக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, அதை ஓட்ட ஒரு ஏர் பம்ப். பம்ப் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று ராத்திரி பத்து மணிக்கு அணைத்துவிட்டுக் காலையில் போடுவார்கள். தீனி போடுவது மகளின் வேலை. மகள் பள்ளிக்கூடம் போனபின் பாட்டியின் வேலை. தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது, தின்பது நேராகக் குடலுக்குப் போகும், அதனால் எப்போது பார்த்தாலும் பசித்த மாதிரி கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்து மூடும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எந்தப் பாட்டியால் முடியும்? குளிகைத் தீனி போக, கோயில் குளத்து மீனுக்குப் போடுகிற பழக்கத்தில் பொரியும் போட்டிருக்கிறார்.

ஐந்தாம் நாள் முதல் சாவு. வீட்டுக்கு வரவேண்டிய கெடுதலை மீன் வாங்கிக்கொண்டது என்று பாட்டி ஆறுதல் சொன்னாராம். இந்த நம்பிக்கையைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை; ஆனால் தொட்டியில் என்ன கோளாறு என்று தேடவேண்டிய நேரத்தில் தேடவிடாமல் செய்வது பல வீடுகளில் இதுதான். முதல் மீன் சாகும்போதே ஒரு சோதனை செய்திருந்தால் மற்ற மூன்றும் பிழைத்திருக்கும்.

ஏழாம் நாள் நான்கு மீன்களும் மேல்மட்டத்துக்கு வந்து காற்றைக் குடித்தன. வீட்டுக்காரர் கடைக்குப் போனார். வாடிக்கையாளரே கொண்டுவந்த போர் தண்ணீர் மாதிரியைக் கடைக்காரர் சோதித்தார்: பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7 நடு, ஏற ஏறக் காரம்) 7.2, அருமையான தண்ணீர் என்றார். பாதித் தண்ணீரை மாற்றுங்கள், நீல மருந்து இத்தனை சொட்டு விடுங்கள், இன்றைக்கு மட்டும் ஏர் பம்ப்பை அணைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சரியான யோசனைகள்தான். வீட்டுக்காரர் மோட்டாரைப் போட்டு, கொல்லைப்புறக் குழாயிலிருந்து ஹோஸ் பிடித்து நேராகத் தொட்டிக்குள் விட்டார். பம்ப் விடியவிடிய ஓடியது.

காலையில் மூன்று பிணம்.

கொல்லைப்புறத்து வாளி

நான் போனபோது தொட்டித் தண்ணீர் ஊதா கலந்த நீலமாக இருந்தது. என் முதல் சந்தேகம் அம்மோனியா, அதாவது மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் விஷம். அம்மோனியா சோதனை என்பது சொட்டுமருந்து விட்டு நிறம் பார்க்கிற சோதனை. மஞ்சளென்றால் இல்லை, பச்சை ஏற ஏற அதிகம். நீலத் தண்ணீரில் மஞ்சள் விழுந்தாலே பச்சையாகத்தான் தெரியும். எனவே தொட்டியில் சோதித்துப் பயனில்லை.

காப்பாற்றியது கறிவேப்பிலைச் செடி. மீன் தண்ணீர் செடிக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருந்ததால், முந்தின நாள் எடுத்த பழைய தண்ணீரை வாளிகளில் பிடித்துக் கொல்லையில் வைத்திருந்தார்கள். இரண்டு வாளி இன்னும் ஊற்றப்படாமல் இருந்தது. மருந்து கலக்காத, போர் தண்ணீர் கலக்காத, செத்த மீன்கள் ஏழு நாள் குடியிருந்த அதே தண்ணீர். சோதனைக் குழாயில் 5 மில்லி எடுத்துச் சொட்டு விட்டேன். கொஞ்ச நேரத்தில் முருங்கைக்கீரை நிறத்துக்கு இருண்டது. அட்டையோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு 4 மில்லிகிராம். புதுத் தொட்டியில் எதிர்பார்க்கக்கூடியதுதான். அதே தண்ணீரின் பி.எச்., அதை அளக்கும் பேனா வடிவக் கருவியில் 7.0.

நீலத் தொட்டிக்குள் பேனாவை விட்டேன். நிறம் அதற்கு ஒரு பொருட்டில்லை. 8.2 காட்டியது.

பிறகு மோட்டாரைப் போடச் சொல்லி, குழாயடியிலேயே போர் தண்ணீரை அளந்தேன். கடைக்காரர் சொன்ன அதே 7.2. அவர் பொய் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரை ஒரு மக்கில் பிடித்து, காற்றுக்கல்லைப் போட்டு அப்படியே விட்டுவைக்கச் சொன்னேன். மறுநாள் அளந்தபோது 8.4.

இந்த வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பாறை இடுக்கில் கிடக்கும்போது கார்பன் டை ஆக்சைடைக் கரைத்து வைத்திருக்கும். அந்த வாயு தண்ணீரைச் சற்றே அமிலப் பக்கம் இழுத்துப் பிடிக்கும். வெளியே வந்து காற்றுப் பட்டதும் வாயு பறந்துபோகும், பி.எச். ஏறும். பைகார்பனேட் அதிகமுள்ள தண்ணீரில் இந்த ஏற்றம் பெரிதாக இருக்கும். ஊரின் வடக்கே ஏற்காடு அடிவாரத்தை ஒட்டி மேக்னசைட் (மக்னீசியம் கார்பனேட் கல்) வெட்டியெடுக்கும் வெள்ளைக் கரடுகளைப் பார்த்தவர்களுக்கு நம் நிலத்தடியில் என்ன கரைந்து வரும் என்று தனியாகச் சொல்லவேண்டாம். மூடிய பாட்டிலில் கடைக்குப் போன மாதிரியில் வாயு அப்படியே இருந்தது. அதனால் 7.2. திறந்த தொட்டியில் விடியவிடியக் காற்றுக் குமிழி விட்டதில் வாயு போய்விட்டது. அதனால் 8.2.

பாதியான அம்மோனியா ஏழு மடங்கான கதை

தண்ணீரில் அம்மோனியா இரண்டு உருவில் இருக்கும். ஒன்று அம்மோனியம்; மீனை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. மற்றது கட்டற்ற அம்மோனியா. செவுளுக்குள் தடையில்லாமல் நுழையும் விஷம். மொத்தத்தில் எவ்வளவு எந்த உருவில் இருக்கிறது என்பதை பி.எச்சும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. சொட்டுமருந்து இரண்டையும் சேர்த்தே காட்டும்.

தொட்டித் தண்ணீர் 28 டிகிரியில் இருந்தது. அந்த வெப்பத்தில் பி.எச். 7.0 என்றால் மொத்த அம்மோனியாவில் விஷ உருவில் இருப்பது சுமார் 0.7 சதவீதம்தான். ஆக, 4 மில்லிகிராமில் 0.03 மில்லிகிராம். அதுவே மீனுக்கு நல்லதில்லை. நாள்பட இருந்தால் 0.02 தாண்டினாலே செவுள் கெடத் தொடங்கும். ஆனாலும் உயிர் இழுத்துக்கொண்டிருந்தது.

பாதித் தண்ணீரை மாற்றியதும் மொத்த அம்மோனியா 2 மில்லிகிராமாகக் குறைந்தது. இதுவரைக்கும் நல்லது. ஆனால் பி.எச். 8.2-க்கு ஏறியதும் அதில் 10 சதவீதம் விஷ உருவுக்கு மாறிவிட்டது. அதாவது 0.2 மில்லிகிராம். சுத்தம் செய்ததில் மொத்தம் பாதியானது, விஷம் ஏறக்குறைய ஏழு மடங்கானது. அதுவும் உடனே நடக்கவில்லை. வாயு மெல்ல மெல்ல வெளியேற வெளியேற, வீடு தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது. தண்ணீர் மாற்றிய அரை மணியில் மீன்கள் சுறுசுறுப்பாகக்கூட ஆனதாக அந்த அம்மா சொன்னது இதோடு பொருந்துகிறது.

இன்னொரு விசித்திரம். ராத்திரியில் பம்ப்பை அணைத்துவைத்த பழைய தப்பு, அந்த ஏழு நாளும் மீன்களை ஒருவிதத்தில் காத்திருக்கலாம். காற்றோட்டமில்லாமல் கார்பன் டை ஆக்சைடு உள்ளேயே தங்கி பி.எச். ஏறாமல் ஓரளவு பார்த்துக்கொண்டிருக்கலாம். பம்ப்பை ஓடவிட்ட முதல் ராத்திரிதான் கடைசி ராத்திரியானது. இதைச் சொன்னபோது வீட்டுக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பம்ப்பை அணையுங்கள் என்று சொல்ல வரவில்லை என்பதை இரண்டு தடவை விளக்கவேண்டியிருந்தது.

இத்தனை அம்மோனியா எங்கிருந்து வந்தது? தங்கமீன் தின்ற புரதத்தின் கழிவை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியே விடும். மீன்பண்ணைக்காரர்கள் போடும் கணக்குப்படி, 35 சதவீதம் புரதமுள்ள தீனி 1 கிராம் போட்டால் ஏறக்குறைய 30 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் தண்ணீரில் சேரும். 45 லிட்டரில் அது லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். வாரத்தில் 6 கிராம் போதும், 4-ஐத் தொட்டுவிடும். 6 கிராம் என்பது கொஞ்சம்தான். தின்னாமல் கல்லுக்கடியில் ஊறிக்கிடந்தது தனி. ஓடிப் பழகிய தொட்டியில் இந்த அம்மோனியாவை ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். புதுத் தொட்டியில் அவை ஆளாகி நிற்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஏழு நாள் வயதான அந்த ஸ்பாஞ்சைப் பிழிந்தேன். வந்தது வெறும் தெளிந்த தண்ணீர்.

வேறு எதுவாகவும் இருக்கலாமா

வெள்ளைப்புள்ளி நோய் என்றுதான் கடையில் மருந்து கொடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் துடுப்பிலும் உடம்பிலும் தூள் உப்புப் பரல் ஒட்டிய மாதிரிப் புள்ளிகள் இருந்திருக்கும். கேரட்டின் உடம்பில் ஒன்றுகூட இல்லை. செத்த மீன்களில் ஒன்றை மகள் பார்க்கவேண்டும் என்று டப்பாவில் எடுத்து வைத்திருந்தார்கள். செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தேன்: தடித்து, கருஞ்சிவப்பாக, கோழை பூசினாற்போல் இருந்தது. அம்மோனியா பட்ட செவுள் இப்படித்தான் இருக்கும். ஆனால் இந்த அடையாளம் அம்மோனியாவுக்கு மட்டுமே உரியது என்று சாதிக்க மாட்டேன்.

குளோரினைப் பற்றியும் யோசித்தேன். கேன் தண்ணீரில் இல்லை. போரில் இல்லை, மேல்தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடும் வீடாக இருந்தால் சந்தேகப்படலாம், இங்கே தண்ணீர் வந்தது மோட்டார் குழாயிலிருந்து நேராக. நீல மருந்து, அதாவது மெத்திலின் ப்ளூ, சொன்ன அளவில் மீனைக் கொல்லாது. ஃபில்டர் பாக்டீரியாவுக்குத்தான் அது ஆகாது. இங்கே கெடுக்கவும் பாக்டீரியா இல்லை.

மிச்சமிருப்பது பி.எச். அதிர்ச்சி. 7-லிருந்து 8.2-க்கு ஒரே ராத்திரியில் தாவியதே காரணம் என்று அனுபவசாலிகள் சிலர் சொல்வார்கள். அதன் பங்கை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஆனால் தங்கமீன் நல்ல தண்ணீரில் இந்தத் தாவலைத் தாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அம்மோனியாவோடு சேர்ந்து வரும்போதுதான் அது கொலையாகிறது என்பது என் முடிவு. கோடையில் ஊரில் பாதித் தொட்டிகள் போர் தண்ணீருக்கு மாறுகின்றனவே, எல்லாமா சாகின்றன? சாகிறவை அழுக்கேறிய தொட்டிகள்.

கேரட்டுக்குச் செய்தது

கேரட் மூலையில் அடியோடு ஒட்டிக் கிடந்தது, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு. அது ஏற்கெனவே 8.2-ல் இருப்பதால் இனி பி.எச். ஏறுமே என்ற பயம் இல்லை. அம்மோனியா இல்லாத போர் தண்ணீர்தான் அப்போது சிறந்த மருந்து. குழாய்த் தண்ணீரை அப்படியே விடாமல், இரண்டு வாளிக்கிடையில் காபி ஆற்றுவது மாதிரி உயரத் தூக்கி ஊற்றி ஆற்றினோம். கார்பன் டை ஆக்சைடு போகும், நிலத்தடித் தண்ணீரில் குறைவாக இருக்கும் ஆக்சிஜனும் ஏறும். பிறகு தொட்டியில் முக்கால்வாசியை மாற்றினோம். மறுநாளும் அதே. நீலம் வெளிறியபின் சொட்டுமருந்தில் இளம்பச்சை, 0.25-க்குள்.

தீனி நிறுத்தம். பாட்டிக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. "பட்டினி போட்டா செத்துராதா தம்பி?" என்றார். தங்கமீன் ஒரு வாரம் தின்னாமல் தாராளமாக இருக்கும் என்றேன். நம்பவில்லை, ஆனால் டப்பாவை அலமாரியில் மேல்தட்டில் வைக்கச் சம்மதித்தார்.

என் தொட்டியில் நாட்பட ஓடிய ஸ்பாஞ்ச் ஒன்றை ஈரம் காயாமல் கவரில் கொண்டுவந்து அவர்கள் ஃபில்டரோடு சேர்த்து வைத்தேன். புதுத் தொட்டிக்கு இதைவிட நல்ல சீதனம் கிடையாது. பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவைவிட நண்பர் வீட்டு அழுக்கு ஸ்பாஞ்ச் மேல். ஒரே நிபந்தனை: அந்த வீட்டு மீன்களுக்கு நோய் இருக்கக்கூடாது.

உப்பும் போட்டோம். அயோடின் கலக்காத கல்லுப்பு, லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் 45 கிராம். திருஷ்டிக்காக இல்லை. அம்மோனியா குறைந்து நைட்ரைட் ஏறும் கட்டம் அடுத்து வரும். நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்தில் கலந்தால் ரத்தம் பழுப்பாகி ஆக்சிஜனைச் சுமக்கத் திணறும். உப்பிலுள்ள குளோரைடும் நைட்ரைட்டும் செவுளில் ஒரே வாசலுக்குத்தான் முட்டி மோதுகின்றன. குளோரைடு கூட்டமாக நின்றால் நைட்ரைட் நுழைவது குறையும். எதிர்பார்த்தபடியே இரண்டாவது வாரத்தில் நைட்ரைட் சோதனை இளஞ்சிவப்பாக மாறியது, தண்ணீர் மாற்றி மாற்றி அதைத் தாண்டினார்கள். கேரட் அப்போது மேலே வந்து மூச்சு வாங்கவில்லை.

நிரந்தரமாக எந்தத் தண்ணீர் என்று வீட்டுக்காரர் கேட்டார். போர் தண்ணீர்தான் என்றேன். குற்றவாளிக் கூண்டில் நின்றது எதுவோ அதுவேதான். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா, 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏறக்குறைய 7 மில்லிகிராம் காரத்தன்மையை, அதாவது அமிலத்தை ஈடுகட்டும் பைகார்பனேட் இருப்பை, செலவழிக்கும். கேன் தண்ணீரில் அந்த இருப்பு மிகக் குறைவு. சில வாரத்தில் தீர்ந்து பி.எச். சரிந்து பாக்டீரியா வேலை நிறுத்தம் செய்துவிடும். நம் போர் தண்ணீரில் அந்தப் பணம் எப்போதும் கையிருப்பில் இருக்கிறது. முந்தின நாளே வாளியில் பிடித்து, காற்றுக்கல் போட்டு வைத்து, வாரம் ஒருமுறை கால்பங்கு மாற்றினால் போதும்.

கேன் தண்ணீரில் ஏற்கெனவே மீன் விட்டுவிட்டவர்களுக்கு வேறு வழி சொல்வேன். மீன் மேலே வந்து மூச்சு வாங்குகிறதென்றால் போர் தண்ணீரைத் தொடவே வேண்டாம். அதே கேன் தண்ணீரால் அன்றைக்குப் பாதி, மறுநாள் பாதி என்று மாற்றி அம்மோனியாவை முதலில் இறக்கவேண்டும். நூற்றுச் சொச்சம் ரூபாய்ச் செலவு. சோதனையில் மஞ்சள் வந்தபிறகு, ஒவ்வொரு தடவையும் ஒரு வாளி போர் தண்ணீராகச் சேர்த்துக்கொண்டே போகலாம். அம்மோனியா இல்லாத தொட்டியில் பி.எச். ஏறினால் பெரிய ஆபத்து கிடையாது.

ஹீட்டர் வேண்டுமா என்றும் கேட்டார்கள். தொட்டியோடு சேர்த்துக் கடையில் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். தங்கமீன் குளிர்நீர் மீன், 20 டிகிரியை ஒட்டி இருந்தால் அதற்குச் சொகம். ஏற்காட்டில் வளர்ப்பவர்களே யோசிக்கவேண்டிய பொருள் அது. கீழே சேலத்தில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 30 டிகிரியில் 7.5தான். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையில் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது. காற்றில்லாத ஸ்பாஞ்சில் பாக்டீரியாவும் மூச்சு முட்டிச் சாகும்.

இப்போது அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியம், நைட்ரேட் 20-ஐ ஒட்டி. தீனி ஒருவேளை, அரை நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. வாரத்தில் ஒருநாள் தோல் உரித்த வேகவைத்த பச்சைப்பட்டாணி, ஒருநாள் ஒன்றுமில்லை. கேரட்டுக்குத் துணை வேண்டும் என்று மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒன்று வாங்கலாம் என்றேன். மூன்றாவதுக்கு இந்தத் தொட்டியில் இடமில்லை. அந்த ஒன்றுக்கே அடுத்த வருடம் 3 அடித் தொட்டி தேவைப்படும் என்பதை வீட்டுக்காரரிடம் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.